அந்த கோல் கோச்சுடையது

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டைச் சேர்த்தது. நம் ஊரில் அதைப் பற்றித்தான் பேசினார்கள். அதே கூட்டம் லாக்ரோஸையும் சேர்த்தது. வட அமெரிக்கப் பூர்வகுடிகள் பல நூற்றாண்டுகளாக ஆடிவரும் ஆட்டம் அது. நுனியில் வலை கட்டிய ஸ்டிக்கில் ரப்பர் பந்தை ஏந்தி ஓடி, எறிந்து, ஆறடிக்கு ஆறடி கோலுக்குள் போட வேண்டும். நான் வசிக்கும் மேரிலாண்ட் மாநிலத்தின் அதிகாரபூர்வக் குழு விளையாட்டு இதுதான். இங்கே பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்களுக்குத் தடுப்பாட்டம் சொல்லித்தருகிறேன்.

என் கருத்து இதுதான்: அணியில் ஓர் ஆள் குறையும்போது எந்த இடத்தை எதிரணிக்கு விடுவது என்று முடிவுசெய்ய வேண்டியவர் கோச். அந்த இடத்திலிருந்து கோல் விழுந்தால் பொறுப்பும் அவருடையது. பல அணிகளில் இந்தப் பொறுப்பைப் பிள்ளைகள் தலையில் கட்டிவிடுகிறோம்.

ஆட்டம் பார்த்திராதவர்களுக்காகக் கணக்கைச் சொல்கிறேன். ஓர் அணிக்குப் பத்துப் பேர். பந்து நம் பாதிக்குள் வந்தால் ஆறு பேர் தாக்குவார்கள். நம் பக்கம் கோல்கீப்பரும் ஆறு பேரும் தடுப்பார்கள். ஒருவன் தவறு செய்தால் நடுவர் அவனை வெளியே உட்காரவைப்பார்; இதுதான் பெனால்டி. பின்னாலிருந்து தள்ளுவது போன்ற சிறிய தவறுக்கு 30 விநாடி. ஸ்டிக்கை ஓங்கி வீசி அடிப்பது போன்றவற்றுக்கு 1 முதல் 3 நிமிடம். அதுவரை மற்ற ஐவரும் அந்த ஆறு பேரைச் சமாளிக்க வேண்டும். இதற்கு மேன்-டவுன் என்று பெயர்.

ஐந்து பேர் ஆறு பேரைப் பிடிக்க முடியாது. யாரோ ஒருவன் எப்போதும் தனியாகத்தான் நிற்பான். அவன் எங்கே நிற்கலாம் என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம். நாங்கள் நான்கு பேரைக் கோலுக்கு முன்னால் சதுரமாக நிறுத்துகிறோம். ஐந்தாமவன் நடுவில் நின்று, கோலை ஒட்டி நிற்கும் எதிரியை விடாமல் பார்த்துக்கொள்வான். பந்து இடப்பக்கம் போனால் சதுரம் மொத்தமாக இடப்பக்கம் சாயும். வலது ஓரத்தில் தூரமாக நிற்பவனை அப்படியே விட்டுவிடுவோம். அவனிடம் பந்து சேர வேண்டுமென்றால் இரண்டு மூன்று கை மாறிச் சுற்றி வர வேண்டும். இல்லையென்றால் எங்கள் தலைக்கு மேலே நீளமாகப் பறக்க வேண்டும். அந்த நீளமான பாஸை மறிக்கத்தான் தடுப்பாட்டக்காரர்கள் ஆறடி ஸ்டிக்கை உயர்த்திப் பிடிக்கிறார்கள். பந்து காற்றில் இருக்கும்போதே கால் நகர்ந்துவிட வேண்டும். எதிரி பிடித்த பிறகு கிளம்பினால் நேரம் போய்விட்டது.

இதில் வாய்க்கும் வேலை உண்டு. லாக்ரோஸில் கோலுக்குப் பின்னாலும் 15 கஜம் ஆடுகளம் இருக்கிறது. பந்து அங்கே போனால் ஐந்து பேரும் திரும்பி அதையே பார்ப்பார்கள். முதுகுக்குப் பின்னால் ஒருவன் நழுவி உள்ளே வந்துவிடுவான். அதனால் பந்து எங்கே இருக்கிறது என்று கோல்கீப்பர் ஓயாமல் கத்திக்கொண்டிருக்க வேண்டும். பெனால்டி முடிந்து நடுக்கோட்டிலிருந்து 40 கஜம் ஓடி வருபவன், தன் ஆளைத் தேடி அலையாமல் நேரே கோல் முன்னால் வந்து நிற்க வேண்டும். அவன் வந்து சேரும்வரை ஐவரின் சதுரம் கலையக் கூடாது.

பயிற்சியில் முதலில் ஸ்டிக்கைக் கீழே வைக்கச் சொல்வேன். நடை வேகத்தில் பந்து கைமாறும்; பையன்கள் சதுரமாக நகர்வார்கள். ஒவ்வொரு பாஸுக்கும் யாரை விட்டிருக்கிறோம் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு, பதினைந்து கஜத்துக்கு அப்பாலிருந்து ஓரக் கோணத்தில் வரும் ஷாட் கோல்கீப்பரின் பங்கு என்பதும், கோல் வாசலில் வரும் பாஸ் ஐவரின் பங்கு என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இது இந்த வயதுக்கு அதிகம், தேர்ந்த ஐந்து பேரை மட்டும் பழக்கினால் போதும் என்பார்கள் பல கோச்சுகள். வெற்றிக்கு அது குறுக்குவழிதான். ஆனால் அந்த ஐவரில் ஒருவனே பெனால்டியில் உட்கார்ந்தால் என்ன செய்வது? கடைசி வரிசைப் பையனையும் ஐந்து இடங்களிலும் நிறுத்திப் பழக்குகிறேன். அதிகம் பேசாத பிள்ளைகள்கூட இந்தப் பயிற்சியில் குரல் கொடுக்கப் பழகுவதைப் பார்க்கிறேன்.

சனிக்கிழமை ஆட்டங்களில் அடிக்கடி நடப்பது ஒன்று. நாங்கள் விட்ட இடத்திலிருந்தே ஷாட் வரும், கோல் விழும். ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோர் எழுந்து, “அவனை யார் பார்க்கிறது?” என்று கத்துவார்கள். களத்தில் ஐந்து பையன்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அப்போது எல்லோர் காதிலும் விழும்படி, “அது கோச்சோட கோல், சரியாத்தான் நின்னீங்க” என்று கத்துவேன். அதைச் சொல்லாவிட்டால் அடுத்த முறை யாராவது ஒருவன் பழிக்குப் பயந்து அந்தத் தனி ஆளை நோக்கி ஓடுவான். சதுரம் உடையும், கோல் வாசல் திறந்துவிடும்.

நான் மன்னார்குடிப் பக்கம் கபடி பார்த்து வளர்ந்தவன். களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ இருந்து ரெய்டரை மடக்கினால், சூப்பர் டேக்கிள் என்று இன்றைய கபடி ஒரு புள்ளி கூடுதலாகத் தருகிறது. லாக்ரோஸில் அந்த மரியாதை கிடையாது. ஐந்து பேர் ஒரு நிமிடம் கோல் விழாமல் காத்தால் ஸ்கோர்போர்டில் எதுவும் ஏறாது. ஆகவே அதைப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவரும் கோச்தான். பெனால்டியிலிருந்து திரும்பும் பையனைத் திட்டுவதற்கும் அது நேரமில்லை. அவன் தவறை அவன் நண்பர்கள் சுமந்து முடித்துவிட்டார்கள்; அதை அவனே பார்த்துக்கொண்டிருந்தான்.

2028 ஒலிம்பிக்கில் ஆடப்போவது லாக்ரோஸின் சிக்ஸஸ் வடிவம். சிறிய மைதானம், கோல்கீப்பரோடு ஆறு பேர், நீள ஸ்டிக் கிடையாது. ஓர் ஆள் குறைந்தால் நான்கு பேர் ஐந்து பேரைத் தடுக்க வேண்டும். எதை விடுவது என்ற முடிவு அங்கே இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

ஆகவே பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லித்தருபவர்களிடம் என் கோரிக்கை: ஆள் குறைந்தால் எந்த ஷாட்டை விடப்போகிறீர்கள் என்று சீசன் தொடங்குமுன் எழுதிவையுங்கள். பிள்ளைகளுக்கு விளக்குங்கள், பெற்றோரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். அந்த ஷாட் கோலானால் முதலில் கை தூக்க வேண்டியவர் நீங்கள்.