பத்து நாள் அன்பு

பாளையங்கோட்டையிலிருந்து நண்பர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். பெண் அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாகாணத்தில் படிக்கிறாள். கெட்டிக்காரி, இளகிய மனசு. போன ஜூன் மாதம் அங்குள்ள தேவாலயத்து இளைஞர்களோடு, தன்னையும் சேர்த்துப் பதினெட்டுப் பேராக, மத்திய அமெரிக்காவிலுள்ள ஹோண்டுராஸ் தேசத்துக்குப் போய், சான் பேத்ரோ சூலா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் பத்து நாள் வேதாகம முகாம் நடத்திவிட்டு வந்திருக்கிறாள்.

கைப்பேசியில் படங்களைக் காட்டினாள். எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை. கையசைத்து ஆடும் பாட்டு. காகிதத்தில் நோவாவின் பேழை. சுவருக்கு மஞ்சள் வர்ணம். பிறகு ஒரு சின்னப் பெண் இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிற படம்.

“கடைசி நாள் ஒரே அழுகை அங்கிள். இந்தக் குட்டி என்னை விடவே மாட்டேன்னுட்டா. பஸ் கிளம்பற வரைக்கும் அழுதா.”

நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ கோபம் வந்தது.

கோபம் அந்தப் பெண்ணின்மேல் அல்ல, மதத்தின்மேலும் அல்ல. விடுமுறை வேதாகமப் பள்ளி எனக்குப் புதிதல்ல. சிறு பிராயத்தில் கோடை விடுமுறையில், பிஸ்கட்டுக்காகவும் பாட்டுக்காகவும், கிறிஸ்தவச் சிநேகிதர்களோடு நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். எங்களுக்குக் கதை சொன்ன டீச்சர் மறுநாள் கடைத்தெருவில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பார். “ஏண்டா, நேத்து வரலே?” என்று காதைத் திருகுவார். அவருக்கு என் பெயர் தெரியும். என் தாயாரைத் தெரியும். பத்தாம் நாள் அவர் எங்கும் போய்விடவில்லை.

பத்தே நாள் பழகிய ஒருத்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு குழந்தை ஏன் அப்படி அழ வேண்டும்? நம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நம் பிள்ளை அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. “மாமாவுக்கு வணக்கம் சொல்லு” என்று நாம் கெஞ்சுகிறோம். அது மாட்டேன் என்கிறது. அதுதான் ஆரோக்கியம். வந்தவர் மடியிலெல்லாம் ஏறிக்கொள்கிற குழந்தையைக் கண்டு விடுதிப் பிள்ளைகளை ஆராய்ந்த மனோதத்துவ நிபுணர்கள் நெடுங்காலமாகக் கவலைப்பட்டு வந்திருக்கிறார்கள். நாமோ அதைப் படம் பிடித்து, முகாமின் வெற்றி என்கிறோம். ஜூனில் ஒரு கூட்டம், ஜூலையில் ஒரு கூட்டம், கிறிஸ்துமஸுக்கு ஒரு கூட்டம். ஒவ்வொன்றும் வாரி அணைக்கிறது; ஒவ்வொன்றும் பஸ் ஏறுகிறது. ஒரு குழந்தை எத்தனை தடவைதான் அநாதையாவது?

அநாதை என்றா சொன்னேன்? அதுவும் தவறு. நான் துருவித் துருவிக் கேட்டதில் அந்தப் பெண் ஒரு விஷயம் சொன்னாள், ஏதோ சில்லறைச் சங்கதி போல. ஞாயிற்றுக்கிழமை மாலை வாசல் கதவருகே ஓர் அம்மாள் பையோடு நின்றாளாம். ஏதோ விற்க வந்தவள் என்று இவர்கள் நினைத்தார்களாம். அந்தக் குட்டி ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாளாம். பெற்ற தாய்! உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இல்லத்தில் சோறும் பள்ளிக்கூடமும் கிடைக்கின்றன என்று விட்டிருக்கிறாள்.

இது ஒரு குழந்தையின் கதையல்ல. ஹைத்தி நாட்டில் உள்ள இல்லங்களில் ஐந்து குழந்தைகளில் நாலு பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடிருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2010 ஜனவரியில் அங்கே பூகம்பம் வந்தபோது அமெரிக்காவிலிருந்து போன பத்துக் கிறிஸ்தவத் தொண்டர்கள், 33 குழந்தைகளைத் தக்க பத்திரங்களில்லாமல் எல்லை தாண்டி அழைத்துச் செல்ல முயன்று கைதானார்கள். அநாதைகளைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். விசாரித்தால், அவர்களில் பலருக்குத் தாய் தகப்பன் இருந்தார்கள். பிள்ளை நாலெழுத்துப் படிக்குமே என்று நம்பிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தொண்டர்களின் நெஞ்சில் வஞ்சகம் இருந்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டாம். நல்லெண்ணத்துக்கு விசாரிக்கிற பழக்கம் கிடையாது, அதுதான் வினை.

குழந்தைகள் இருக்கிற இடத்துக்குத்தான் வெளிநாட்டுக் கூட்டம் வரும். கூட்டம் வருகிற இடத்துக்குத்தான் பணம் வரும். கட்டில்கள் காலியான இல்லத்துக்கு யார் வர்ணம் அடிக்கப் போவார்கள்? குழந்தையைத் தாயிடம் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற யோசனை அந்த நிர்வாகிக்கு எப்படி வரும்?

பணத்தைப் பற்றியும் பேசிவிடுவோம். பெண்ணுக்குச் செலவு இரண்டாயிரம் டாலருக்கு மேல். பாதிக்கு மேல் விமானக் கட்டணம். 1998-இல் மிட்ச் என்ற சூறாவளி இதே ஹோண்டுராஸைச் சூறையாடிற்று. வீடு கட்டித் தர வட அமெரிக்கத் தேவாலயக் குழுக்கள் திரண்டு போயின. கர்ட் வெர் பேக் என்ற சமூகவியல் பேராசிரியர், அவரும் கிறிஸ்தவர், ஹோண்டுராஸிலேயே வாழ்பவர், பிற்பாடு கணக்குப் பார்த்தார். உள்ளூர் கிறிஸ்தவ ஸ்தாபனங்கள் கட்டிய வீட்டுக்குச் சுமார் 2,000 டாலர். வந்தவர்களின் பயணச் செலவையும் சேர்த்தால் அவர்கள் கட்டிய வீட்டுக்குச் சுமார் 30,000 டாலர். அதாவது, இந்தப் பெண் டெக்ஸாஸிலேயே இருந்துகொண்டு பணத்தை அனுப்பியிருந்தால் அன்றைய விலையில் ஒரு வீடு எழும்பியிருக்கும்.

“போய்வந்தவர்களின் மனம் மாறுகிறதே, அது லாபமில்லையா?” என்று கேட்பார்கள். வெர் பேக் அதையும் விடவில்லை. முன்னைவிட அதிகம் தானம் செய்கிறோம் என்று பலரும் சொன்னார்கள். ஸ்தாபனத்தின் கணக்குப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. அப்படியே மனம் மாறுகிறது என்றாலும், ஒருத்தியின் மனப் பக்குவத்துக்கு இன்னொருத்தி பெற்ற குழந்தையா பாடப் புத்தகம்?

1968-இல் இவான் இல்லிச் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், கோடையில் மெக்ஸிகோவுக்குத் தொண்டாற்றக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களின் முகத்துக்கு நேரே இதைச் சொல்லிப் பார்த்தார். ஊர் பார்க்க வருவதிலோ படிக்க வருவதிலோ அவருக்கு ஆட்சேபணை இல்லை. உபகாரிகளாக வருவதைத்தான் ஆட்சேபித்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் பஸ்கள் கிளம்பிக்கொண்டுதான் இருக்கின்றன.

கடல் கடந்து வருகிறவர்கள் எல்லோரையும் நான் பழிப்பதாக எண்ண வேண்டாம். நெல்லைச் சீமைக்காரர் யாரும் அப்படிப் பேச முடியாது. டோனாவூரில் குழந்தைகளுக்காக இல்லம் நடத்திய எமி கார்மைக்கேல் அம்மையார் 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர். விடுமுறைக்குக்கூட ஊர் திரும்பாமல், 1951-இல் அந்த மண்ணிலேயே கண்ணை மூடினார். அவருடைய மதப் பிரசாரத்தோடு ஒருவர் சண்டை போடலாம், நானே போடுவேன். ஆனால் அவர் தமிழ் கற்றுக்கொண்டார். ‘அம்மா’ என்று கூப்பிட்ட குழந்தைகளை விட்டுவிட்டுப் பத்தாம் நாள் பஸ் ஏறவில்லை. சண்டை போடுவதற்காவது ஆள் அங்கே இருந்தார்!

“அப்போ ஒண்ணுமே செய்யக் கூடாதா அங்கிள்?” என்றாள் பெண். முகம் வாடிவிட்டது.

செய்யலாம். ஸ்பானிஷ் படித்துவிட்டு ஐந்து வருஷத்துக்குப் போகலாம். முடியாவிட்டால், அந்தத் தாய் தொழிற்சாலைக்குப் போகும் நேரத்தில் தெருவிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் உள்ளூர்ப் பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்கலாம். அதில் நீலச் சட்டையும் இல்லை, படமும் இல்லை. அடுத்த ஜூன் பயணத்துக்கு விண்ணப்பத் தாள் வந்திருப்பதாக நண்பர் சொன்னார். அந்தத் தாயின் பெயர் என்ன என்று கேட்டேன். கேட்டுக்கொள்ளவில்லை என்றாள் பெண். அங்கே ஃபோன் செய்து விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.