நோய்க்கு மருந்தா? மருந்தே நோயா?

நெய்வேலியில் 1961ஆம் ஆண்டு நிலத்தின் வயிற்றிலிருந்து முதன்முதலாகப் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. அன்று தொட்டு இரவென்றும் பகலென்றும் பாராமல் தொழிலாளர் அங்கு முறைமாற்றி உழைக்கின்றனர். அவர் எடுத்துத் தந்த கரி மின்னாற்றலாகி அண்டை மாநிலங்களுக்கும் ஓடுகின்றது. அவர் முதுகில் ஏறிய வலியோ எங்கும் ஓடாமல் அவரோடு வீட்டுக்கு வருகின்றது.

நாட்கூலிக்கு உழைப்பவன் படுத்தால் அன்றைய கூலி இல்லை. ஆகவே வலியை நீக்குவதினும் மறைப்பதே அவனுக்கு வேண்டுவதாகின்றது. ஐந்து நாளைக்கென மருத்துவர் எழுதிய சீட்டு ஐந்து திங்களுக்குப் பயன்படுகின்றது. சீட்டே கேளாமல் எடுத்துக் கொடுக்கின்ற கடைகளும் தமிழ்நாட்டில் இல்லாமலில்லை. காய்ச்சல் மாத்திரை போன்றதே இதுவும் என விற்பவனும் வாங்குபவனும் எண்ணிக் கொள்கின்றனர்.

அன்று. திரமடால், தபென்டடால் முதலியவை அபினியின் தன்மை கொண்டவை. நாளடைவில் பழைய அளவு போதாது. ஒன்று இரண்டாகும், இரண்டு ஐந்தாகும். நிறுத்தினாலோ கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை, அவற்றோடு கைகால் முதுகெல்லாம் வலி. ஏமாற்று இங்கேதான் நிகழ்கின்றது. மருந்து கேட்டு எழும் அவ்வலியைப் பழைய நோயே திரும்பிற்றென நம்பி அவன் மீண்டும் விழுங்குகின்றான். குடிகாரனுக்குத் தான் குடிப்பது தெரியும். இவனோ தன்னை நோயாளி என்றே நினைத்துக்கொண்டு அடிமையாகின்றான்.

அந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது என்னும் எச்சரிக்கை பொடி எழுத்தில் இருக்கும், ஆங்கிலத்தில்! உயிருக்குரியவன் படிக்க இயலாத மொழியில் அச்சிடுவது எச்சரிக்கையா, வெறுஞ் சடங்கா? 'நெடுநாள் உண்டால் அடிமையாவீர்' எனத் தமிழில் ஒரு வரி சேர்க்க எத்துணை மை செலவாகிவிடும்?

வணிகன் வாய் திறக்கமாட்டான். அமெரிக்காவில் 1996இல் விற்பனைக்கு வந்த ஆக்சிகாண்டின் என்னும் வலிநீக்கியின் அடிமைப்படுத்தும் தன்மையைக் குறைத்துக் காட்டியதாக அதன் நிறுவனத்தார் 2007இல் வழக்கு மன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அதற்குள் எண்ணிறந்த குடும்பங்கள் அழிந்திருந்தன. இந்தியாவில் 2018இல் திரமடால் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. உடனே கள்ளச் சந்தை தபென்டடால் பக்கம் திரும்பிற்று. தமிழ்நாட்டு இளைஞர் சிலர் அம்மாத்திரையைப் பொடித்து நீரில் கரைத்து ஊசியால் ஏற்றிக்கொள்ளும் கொடுமையை நாளிதழ்கள் பன்முறை எழுதிவிட்டன. விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையின் மாவு குருதிக் குழாயை அடைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் ஈரல் நோயும் எய்ட்சும் தொற்றும்.

அதற்காக எல்லாவற்றையும் தடைசெய் எனக் கூவுவதும் அறிவுடைமையாகாது. நெய்வேலி அனல்மின் நிலையத்தில் 2020 சூலை முதல் நாள் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். அத்தகைய தீப்புண்ணின் வேதனைக்கு இம்மருந்துகளன்றி வேறென்ன உண்டு? புற்றுநோயாளியின் இறுதி நாள்களுக்கு மார்பின் வேண்டும். உலகுக்கே அபினி விளைத்துத் தரும் இந்நாட்டில் அது கிடைக்காமல் துடித்துச் செத்தவர் மிகப் பலர். அதனால்தான் 2014இல் சட்டத்தைத் திருத்தவேண்டி வந்தது.

அடிமைப்பட்டவனைக் காவல் நிலையத்துக்கு இழுப்பதாலும் பயனில்லை. தானே முன்வந்து மருத்துவம் பெறும் அடிமைப்பட்டோர்க்கு, சிறு அளவு வைத்திருந்த குற்றத்தில் வழக்கினின்று விலக்களிக்க 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஏ பிரிவு இடந்தருகின்றது. 14446 என்னும் நடுவணரசின் தொலைபேசி எண்ணில் வழி கேட்கலாம். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார், அல்லது புப்ரெனார்பின் என்னும் மாற்று மருந்து தருவார். திங்கள் பல ஆகும். வீட்டார் அவனை அறையில் பூட்டி ஒரேயடியாக நிறுத்த முயல்வது பெருந்தவறு. சில கிழமை விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்த அன்றே முன்போல் விழுங்கினால் உறக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும்.