இரைச்சலுக்கு இரண்டு தடையிகள்

நாவற்குடாவில் இரவு ஒன்பது மணிக்குமேல் காற்று ஓய்ந்துவிட்டால், வாவியில் மீன் துள்ளுவதுகூடக் காதில் விழும். அப்படியோர் அமைதியில்தான் என் வீட்டு ஒலிக்கருவியின் குறை எனக்குப் புலப்பட்டது. பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கரிலிருந்து 'உஸ்' என்றோர் இரைச்சல். குமிழைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது மாறவில்லை.

சினிமாப் பாட்டுக் கேட்பதற்காக நான் கவலைப்படவில்லை. என் தந்தையார் வடமோடிக் கூத்துப் பாடிய கசற் ஒன்று என்னிடம் உண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வீட்டிலிருந்தவற்றையெல்லாம் கொண்டுபோயிற்று. அந்தக் கசற் நகரத்தில் தங்கை வீட்டில் இருந்ததால் தப்பியது. அவர் குரல் தாழும் இடங்களிலெல்லாம் இந்த 'உஸ்' முந்திக்கொண்டது.

பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டினேன். "இதவிடப் பெரிய அம்பிளிபயரா வாங்குங்க சேர், எல்லாம் சரிவரும்" என்றார். ஒலியில் எந்தக் குறை வந்தாலும் இன்னும் கூட்டு என்பதே நம்மவர் வைத்தியம். அது தவறு என்பதே என் கட்சி.

விடயம் எளியது. சீடி கருவி ஏறக்குறைய 2 வோல்ற் சமிக்ஞை தருகிறது. பல பெருக்கிகள் முழு வலுவில் முழங்குவதற்கு அதில் பாதியே அதிகம். ஆகவே வீட்டில் குமிழைக் காற்பங்குக்குமேல் திருப்ப முடிவதில்லை. முன்பெருக்கியின் சொந்த இரைச்சலோ குமிழுக்குப் பின்னால் பிறக்கிறது. குமிழை அடியோடு மூடினாலும் திறன்பெருக்கி அதைப் பெருக்கியே தீரும். இவ்விரண்டுக்கும் இடையில் சமிக்ஞையைத் தணித்தால் பாட்டும் இரைச்சலும் சேர்ந்தே தணியும். பிறகு குமிழைக் கூட்டலாம். பாட்டு பழைய அளவுக்கு வரும், இரைச்சல் வராது.

என் கருவி, இரு பகுதிகளையும் இணைக்கும் கம்பி பின்புறம் வெளியே தெரிகிற பழைய வகை. சமிக்ஞையின் வழியில் 6.8 கிலோ ஓம் தடையி ஒன்று. அதன் மறுமுனையிலிருந்து தரைக்கம்பிக்கு 3.3 கிலோ ஓம் தடையி ஒன்று. சமிக்ஞை மூன்றிலொன்றாகும், அதாவது சுமார் 10 டெசிபெல் குறையும். இடம், வலம் இரண்டுக்கும் ஒரே அளவில், 1 சதவீதத் துல்லியமுள்ள தடையிகளே வேண்டும். திறன்பெருக்கியின் பக்கத்துச் செருகிக்குள்ளேயே பற்றவைத்துவிடலாம். ஸ்பீக்கர் கம்பியில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

இது சர்வரோக நிவாரணி அன்று. தரைத்தொடுப்புக் கோளாறால் வரும் 50 ஹேர்ட்ஸ் உறுமலை இது தீர்க்காது. நாடாவிலேயே பதிந்த இரைச்சலையும் நீக்காது. என் தந்தையாரின் கசற்றில் அதுவும் இருக்கிறது, இருக்கட்டும். கருவி சேர்த்த அழுக்கு போனதும், அடுத்த அடிக்கு முன் அவர் மூச்சிழுப்பது எனக்குக் கேட்டது.

இதைச் சொல்லக் காரணமுண்டு. பழைய கூத்துப் பதிவுகளைக் கணினிக்கு மாற்றும் பலர், கசற் கருவியை மைக் துவாரத்தில் நேரே செருகுகிறார்கள். மில்லிவோல்ற் கணக்கில் எதிர்பார்க்கும் இடத்தில் பன்மடங்கு சமிக்ஞை பாய்ந்து குரல் உடைகிறது. பிறகு மென்பொருளால் 'சுத்தம்' செய்யப் போய் மூச்சையும் தாளத்தின் அதிர்வையும் சேர்த்தே துடைத்துவிடுகிறார்கள். உடைந்த குரலை மென்பொருள் ஒட்டித் தராது. 1947இல் வெளியான யாழ்நூலில் சுருதிகளை அலகு அலகாகக் கணக்கிட்ட விபுலாநந்த அடிகளின் மண்ணில் இந்த அலட்சியம் நடக்கிறது.

பாடும் மீனைக் கேட்கப் போகிறவர்கள் வள்ளத்தை நிறுத்தி, துடுப்பை நீரில் இறக்கி, அதன் மேல்நுனியில் காதை வைப்பார்கள். முதலில் தங்கள் சத்தத்தைத்தான் அடக்குவார்கள்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு கசற் இருக்கக்கூடும். பெரிய அம்பிளிபயருக்குக் காசு சேர்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். நாடா காத்திருக்காது.