ஒற்றைத் தலைவலிக்கு அக்குபஞ்சர்... குத்தினால் குறையுமா?

லைட்டை அணை, டி.வி சத்தத்தைக் குறை, தாளிக்கிற வாசனைகூட ஆகாது... வீட்டில் ஒருவருக்கு ஒற்றைத் தலைவலி வந்தால் மொத்த வீடும் அடங்கிவிடும். மாதத்தில் நாலைந்து நாள் இப்படியே போனால், மாத்திரையை விட்டால் வேறு வழி இல்லையா என்று யாரும் தேடத்தான் செய்வார்கள். அப்படித் தேடும்போது காதில் விழும் பெயர்களில் ஒன்று, அக்குபஞ்சர்.

'ஊசி குத்தினா தலைவலி போயிடுமாக்கும்' என்று சிரிப்பவர்கள் உண்டு. 'எட்டே சிட்டிங், அப்புறம் தலைவலியே வராது' என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. ஜெர்மனியில் நடந்த ஆய்வுகளைப் பார்த்தால் இரண்டு தரப்புமே கொஞ்சம் யோசிப்பார்கள்.

2005-ல் வெளியான ஆய்வில் 302 பேர். ஒரு பிரிவினருக்கு முறைப்படி அக்குபஞ்சர். இன்னொரு பிரிவினருக்கு, அக்குபஞ்சர் புள்ளிகளே இல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாவது பிரிவினர் ஊசியே இல்லாமல் காத்திருந்தார்கள். தலைவலி நாள்கள் பாதியாகக் குறைந்தவர்கள், முதல் பிரிவில் 51 சதவிகிதம். காத்திருந்தவர்களில் வெறும் 15. அட, பரவாயில்லையே என்கிறீர்களா? இடம் மாற்றிக் குத்தியவர்களிலும் 53 சதவிகிதம் பேருக்குக் குறைந்திருக்கிறது!

அடுத்த வருடம் வந்த இன்னும் பெரிய ஆய்வில் மாத்திரையையும் சேர்த்து ஒப்பிட்டார்கள். முறையான ஊசி 47, இடம் மாற்றிய ஊசி 39, தினமும் சாப்பிடும் தடுப்பு மாத்திரை 40 சதவிகிதம். அதாவது, மாத்திரைக்கு ஊசி சளைத்ததில்லை. ஆனால், புள்ளி பார்த்துக் குத்துவதால் கிடைக்கும் கூடுதல் லாபம் கொஞ்சம்தான். 2016-ல் காக்ரேன் அமைப்பு 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய இதே கதை.

அரை மணி நேரம் அமைதியாகப் படுத்திருப்பது, ஒருவர் பொறுமையாக நம் கதையைக் கேட்பது, 'சரியாகிவிடும்' என்ற நம்பிக்கை... இவற்றுக்கும் பங்கு இருக்கலாம். வலியில் துடிப்பவருக்கு அந்தக் கணக்கு எதற்கு, நாள்கள் குறைந்தால் போதாதா என்றால், எனக்கும் அதே எண்ணம்தான்.

ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த ஆய்வுகள் பார்த்தது, தலைவலி அடிக்கடி வராமல் தடுப்பதை. மண்டையைப் பிளக்கும்போது ஓடிப்போய்ப் போட்டுக்கொள்ளும் ஊசி அல்ல இது. பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல்கூட, ப்ராப்ரனலால், டோப்பிராமேட் மாத்திரைகள் ஒத்துவராதவர்களுக்கு 5 முதல் 8 வாரங்களில் அதிகபட்சம் 10 சிட்டிங் என்றுதான் சொல்லியிருக்கிறது. எனவே, பத்துக்குப் பிறகும் 'இன்னும் கொஞ்சம் வாங்க' என்றால் பர்ஸை மூடிவிடலாம்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க, தலைவலி வந்த நாளையும் மாத்திரை போட்ட நாளையும் காலண்டரில் குறித்து வையுங்கள். சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாள், அதற்கு மேல் என்று மாதக்கணக்கில் போட்டால், அதுவே தலைவலியைக் கொண்டுவரும். ஊசி புதிதாகப் பிரித்ததா என்று பாருங்கள். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

'எல்லா மாத்திரையையும் தூக்கிப் போடுங்க' என்று யாராவது சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பிரஷர், சுகர், வலிப்பு மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

இதுவரை இல்லாத அளவுக்கு நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, காய்ச்சலோடு கழுத்து இறுகுவது, 50 வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் தலைவலி... இவற்றுக்கு ஊசியும் வேண்டாம், தைலமும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.