வீராணம் ஏரியில் நீந்துவதற்குப் பாதுகாப்பான இடம் கோரும் மனு

அனுப்புநர்:
ஏரிக்கரை ஊர்களின் நீச்சல் சங்கத்தார்,
காட்டுமன்னார்கோவில் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கடலூர் மாவட்டம்.

பொருள்: வீராணம் ஏரியில் நீந்துவோருக்கு எல்லை குறித்து இடம் ஒதுக்கித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

சோழர் காலத்து வீராணம் ஏரி எங்கள் வயல்களுக்குப் பாசனம் தருவதோடு, 2004 முதல் சென்னைக்குக் குடிநீரும் தருகிறது. ஆகவே இதில் யாரும் இறங்காதபடி தடை போட்டுவிடலாம் என்பவர்கள் உண்டு. அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு வேறு நீச்சல் குளம் இல்லை. சுரைக்குடுக்கையும் லாரி டியூப்பும் கட்டிக்கொண்டு எங்கள் தகப்பன்மார் நீந்தப் பழகியதும் இந்தத் தண்ணீரில்தான். தடை போட்டால், பிள்ளைகள் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து இறங்குவார்கள். அங்கே கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

சென்ற ஆண்டு ஆடிப்பெருக்கை ஒட்டி, எங்கள் உறுப்பினர் ஒருவரின் பத்து வயது மகன் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தான். அடுத்த அடி வைத்தான், ஆளைக் காணோம். கோடையில் மண் எடுத்த குழி, தண்ணீர் ஏறியதும் மறைந்துகிடந்தது. பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், அலசிய சேலையை முறுக்கி வீசினார். பையன் அதன் முந்தானையைப் பற்றிக்கொண்டதால் பிழைத்தான். குழி தோண்டியவர்மேல் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் அந்தக் குழி இன்னும் தூர்க்கப்படவில்லை.

நாளிதழில் வரும் 47.5 அடி என்பது ஏரியின் முழு நீர்மட்டக் கணக்கு. கால் வைக்கும் இடத்தில் எவ்வளவு ஆழம் என்பது அதைப் பார்த்து யாருக்கும் தெரியாது. ஆகவே மதகுகளுக்கும் குடிநீர் எடுக்கும் பகுதிக்கும் தொலைவில், சரிவான கரை ஒன்றைத் தேர்ந்து, குழிகளைச் சமன்செய்து, மிதவைக் கயிறு கட்டி எல்லை காட்ட வேண்டும். ஆழம் எழுதிய கம்பமும், கரையில் காற்றடைத்த டியூப்பும் நீளக் கயிறும் எப்போதும் இருக்க வேண்டும். மதகு திறந்திருக்கும்போது மேலே தண்ணீர் அசையாமல் இருப்பதுபோலத்தான் தெரியும்; அடியில் இழுக்கும். அதனால் திறக்கும் நாளைத் தண்டோரா போட்டோ ஒலிபெருக்கியிலோ முன்னதாக அறிவிக்க வேண்டுகிறோம். இங்கே ஒரு தூறல் இல்லாவிட்டாலும், அரியலூர்ப் பக்கம் பெய்த மழை செங்கால் ஓடை வழியாக வந்து சேர்ந்துவிடும். அந்த எச்சரிக்கையும் கரைக்கு வந்து சேர வேண்டும்.

2021இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டுள்ளது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தருவது அந்த அமைப்பு பரிந்துரைக்கும் தடுப்பு வழிகளில் ஒன்று. கரையோரப் பள்ளிகளின் மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் தனித்தனி நேரத்தில் பயிற்சி தர அனுமதி கோருகிறோம். பெண் பிள்ளைகள் கரையோடு நின்றுவிடுகிறார்கள் என்பது எங்களுக்கு நெடுநாள் வருத்தம். கற்றுத்தர எங்கள் உறுப்பினர்கள் சம்பளமின்றி வருவார்கள்.

ஒதுக்கும் இடத்தில் சோப்பு, ஷாம்பு, வாகனம் கழுவுதல், மது எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எழுத்துமூலமாக ஏற்கிறோம்.

கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வந்து ஏரி ஏறிவிட்டால் குழிகளைத் தூர்க்க முடியாது. எனவே ஏரி வற்றியிருக்கும் இந்தக் கோடையிலேயே, நீர்வளத் துறைப் பொறியாளருடன் தாங்கள் நேரில் வந்து பார்வையிட்டு ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்