அம்மாவுக்கு ஹெச்.ஐ.வி... குழந்தைக்குக் கல்லீரல் கொடுக்கலாமா?

ஒரு வயதைத் தாண்டியிருந்த அந்தக் குழந்தைக்குக் கல்லீரல் செயலிழந்துகொண்டிருந்தது. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள விட்ஸ் டொனால்டு கார்டன் மருத்துவ மையத்தில், மாற்றுக் கல்லீரல் கேட்டுப் பதிவு செய்து 181 நாள்கள் ஓடிவிட்டன. பொருத்தமான கொடையாளர் கிடைக்கவில்லை.

'என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். கல்லீரலுக்கு வளரும் தன்மை உண்டு. ஒரு பகுதியை வெட்டிக் கொடுத்தாலும் இருவருக்கும் வளர்ந்துவிடும். ஆனால், அம்மாவுக்கு ஹெச்.ஐ.வி இருந்தது. குழந்தைக்கு இல்லை.

பிறக்கும்போது தொற்றிலிருந்து தப்பிய குழந்தைக்கு, மருத்துவர்களே அதைக் கொடுத்துவிடலாமா?

மருத்துவக் குழு இரண்டையும் எடைபோட்டது. கல்லீரல் கிடைக்காவிட்டால் குழந்தை பிழைக்காது. ஹெச்.ஐ.வி தொற்றினால், மாத்திரைகளோடு நீண்ட நாள் வாழலாம். அம்மா தொடர்ந்து மாத்திரை எடுத்துவந்ததால், அவரது ரத்தத்தில் வைரஸ் கட்டுக்குள் இருந்தது. நெறிமுறைக் குழுவும் அனுமதி கொடுத்தது. குழந்தைக்கு முன்கூட்டியே ஹெச்.ஐ.வி தடுப்பு மருந்துகளைக் கொடுத்துவிட்டு, 2017-ல் அறுவை சிகிச்சை செய்தார்கள்.

43-வது நாளில் குழந்தையின் ரத்தத்தில் ஹெச்.ஐ.வி எதிர்ப்புப் புரதங்கள் தெரிந்தன. தொற்றிவிட்டதோ என்று மருந்தைத் தொடர்ந்தார்கள். ஆனால், அடுத்தடுத்த பரிசோதனைகளில் வைரஸ் தென்படவில்லை. 2018-ல் இந்த விவரங்கள் மருத்துவ இதழில் வெளியானபோது, தாயும் குழந்தையும் நலமாக இருந்தனர்.

ஹெச்.ஐ.வி உள்ளவர்களுக்குக் கல்லீரல் நோய் புதிதல்ல. ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்களும் ரத்தம் வழியே பரவுவதால், பலருக்கு இரண்டும் சேர்ந்தே வருகின்றன. தேவை இருந்தும் கதவுகள் மூடியே கிடந்தன. ஹெச்.ஐ.வி உள்ளவரின் உறுப்பை யாருக்கும் பொருத்தக் கூடாது என்று அமெரிக்கா 1988-ல் தடை போட்டது. ஹெச்.ஐ.வி உள்ள இன்னொருவருக்கு ஆய்வு அடிப்படையில் பொருத்தலாம் என 2013-ல் சட்டம் தளர்ந்தது. 2016-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை அப்படிச் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பொருத்திக் காட்டியது. இவ்விரண்டு உறுப்புகளுக்கு இனி ஆய்வு நிபந்தனை தேவையில்லை என்று 2024 நவம்பரில் விதி மாறியது.

இதற்கெல்லாம் அடிப்படை, தினமும் விழுங்கும் அந்த மாத்திரைகள்தான். நேரம் தவறாமல் அவற்றைப் போட்டுக்கொண்ட ஓர் அம்மாவால், தன் பிள்ளைக்கு உயிரை இரண்டாவது முறையாகக் கொடுக்க முடிந்தது.