கம்புள் வாழக் கழிவெளி வேண்டும்

ஒரு சொல் இறப்பதற்கு இரண்டு வழிகள் உள. வேற்றுச்சொல் வந்து அதன் இருக்கையைப் பற்றிக்கொள்வது ஒன்று. அச்சொல் சுட்டிய பொருளே மண்ணினின்று மறைந்துபோவது மற்றொன்று. முதல் வழியைத் தமிழன்பர் நன்கறிவர். அதற்கெதிராக நெடுங்காலம் போராடியும் வருகின்றனர். இரண்டாம் வழியோ ஓசையின்றி நடப்பது. அதனைத் தடுக்க எந்த அகரமுதலியாலும் இயலாது.

கம்புள் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் ஓரம்போகியார் இப்பறவையின் வெண்ணிற நெற்றியைக் கண்டு பாடினார். மதுரைக்காஞ்சியிலோ வயல்வெளி ஓசையால் கம்புட்சேவலின் உறக்கம் கெடுகிறது. ஒரு நீர்ப்பறவையின் உறக்கத்தையும் கருதிப் பார்த்த இனம் இது! அகரமுதலிகள் கம்புளுக்குச் சம்பங்கோழி என்று பொருள் கூறும். கானாங்கோழி என்பது இன்று ஊர்ப்புறத்தார் வழங்கும் பெயர்.

கானாங்கோழி ஏறத்தாழ 1 அடி நீளமுள்ளது. முதுகு கருஞ்சாம்பல், நெற்றி முதல் மார்பு வரை தூய வெண்மை, வாலடியில் செங்காவி. நடக்கையில் குட்டை வாலை நிமிர்த்தி ஓயாது அசைக்கும். அதன் உடல் இருபுறமும் அமுக்கினாற்போல் ஒடுங்கியது. ஆதலால் கோரை நெருங்கிய இடத்தும் தடையின்றி நுழைந்தோடும். நெடிய விரல்கள் உடற்சுமையைப் பரப்புவதால் சேற்றில் அமிழாது நடக்கும். பூச்சி, புழு, நத்தை, சிறுமீன், புல்விதை ஆகியவை அதன் உணவு. மழைக்காலமே அது இனம்பெருக்கும் காலம். அப்போது இரவெல்லாம் அதன் கூவல் ஓயாது. நீரோரப் புதரில் கூடமைத்து 6 அல்லது 7 முட்டையிடும். ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்க, ஏறத்தாழ 20 நாள்களில் கரிய குஞ்சுகள் வெளிவரும். வந்த சிறுபொழுதிலேயே பெற்றோரின் பின் ஓடத் தொடங்கும்.

இதன் உறவினங்களும் தமிழ்ப்பெயரோடு வாழ்கின்றன. செந்நிற நெற்றித்தகடும் மஞ்சள் அலகுமுனையும் உடையது தாழைக்கோழி. தண்டை ஒரு காலாற் பற்றி அலகிற்குக் கொண்டுசெல்வது நீலத் தாழைக்கோழி. கரிய உடலும் வெள்ளை நெற்றித்தகடும் கொண்டு, விரல்மடல்களையே துடுப்பாக்கி நீந்துவது நாமக்கோழி. நாமம் என்பது வேற்றுச்சொல்லாயினும், அந்த நெற்றியைக் கண்டு பெயரிட்ட கண் தமிழ்க்கண்ணே. நூல் பயிலாத உழவரும் மீனவரும் கண்டு கண்டு ஆக்கிய சொற்கள் இவை.

இத்தகைய சொற்கள் பிறந்த நிலம் வடசென்னைக்கு இன்னும் சிறிது எஞ்சியுள்ளது. திருவொற்றியூருக்கு வடக்கே, எண்ணூரில் கொற்றலையாறு கடலொடு கலக்கிறது. மக்கள் அதனைக் கொசத்தலை என்பர். அங்கே கழியும் உப்பளமும் அலையாத்தியும் அடுத்தடுத்துக் கிடந்தன. மேற்கே மணலி, சடையங்குப்பம் பகுதித் தாழ்நிலங்களில் மழைநீர் தேங்கிக் கோரை வளர்ந்தது. எண்ணூர் மீனவர் ஊர்களுள் ஒன்றன் பெயர் தாழங்குப்பம். கோழியின் பெயரிலும் தாழை. குப்பத்தின் பெயரிலும் தாழை!

அந்நிலத்திற்கு நேர்ந்ததென்ன? 1969இல் மணலியில் எண்ணெய் தூய்மை செய்யும் ஆலை இயங்கலாயிற்று. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் எழுந்தது; அது 2017இல் மூடப்பட்டது. 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001 முதல் எண்ணூர்த் துறைமுகமும் இயங்குகின்றன. செப்பாக்கம் சாம்பற்குட்டைக்குச் செல்லும் குழாய்களினின்று கசிந்த சாம்பற்குழம்பு ஆற்றிலும் கழியிலும் படிந்தது. சாம்பல் படிந்தால் ஆழம் தூரும். சேற்றில் வாழும் புழுவும் நத்தையும் புதையும். 2023 திசம்பரில் புயல்வெள்ளத்தோடு மணலியினின்று வந்த எண்ணெய்க்கசடு கழியெங்கும் பரவிற்று. கூழைக்கடாக்களின் இறகில் கரிய எண்ணெய் அப்பிக்கிடந்ததை நாடே கண்டது.

இத்தனையும் எளிதில் நடந்தமைக்கு ஒரு சொல்லின் சிதைவும் கரணியம். புறம்போக்கு என்பது வரிக்கணக்கிற்குப் புறமாய் ஊர்ப்பொதுவிற்கு விடப்பட்ட நிலம். நீர்நிலையும் மேய்ச்சல்வெளியும் கழியும் அதனுள் அடங்கும். அந்நற்சொல்லே இன்று வசைச்சொல்லாகிவிட்டது. பயனற்றது என்று பெயரிட்ட பின் எதையும் கொட்டலாமன்றோ? ஒரு சொல் கெட்டது, நிலம் கெட்டது. நிலம் கெடவே, அந்நிலத்திற் பிறந்த பிற சொற்களும் கெடுகின்றன.

தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் இராம்சார் பட்டியலில் ஏறியது. அது மகிழ்வுக்குரியதே. ஆயினும், நகரின் விளக்கெரியத் தன் நிலத்தைத் தந்த வடசென்னைக்கு அப்பேறு கிட்டவில்லை. தெற்கிற்குச் சதுப்பு, வடக்கிற்குச் சாம்பலா?

கானாங்கோழி உலகினின்று அழிந்துவிடவில்லையே என்பர் சிலர். உண்மை. அது சாக்கடையோரப் புதரிலும் பொறுத்து வாழும். சீனம் வரையிலும் காணப்படும். ஆனால் அதன் இனத்தின் வரலாறு ஓர் எச்சரிக்கை தருகிறது. அமைதிப் பெருங்கடலின் வேக்குத் தீவில் வாழ்ந்த பறக்கவியலா நீர்க்கோழி, இரண்டாம் உலகப்போரில் உணவின்றித் தவித்த சப்பானியப் படையினர்க்கு இரையாகி, 1945ஐ ஒட்டி அற்றுப்போயிற்று. ஓடி ஒளிய அதற்கு வேறிடமில்லை. நாற்புறமும் ஆலைமதில் சூழ்ந்த கோரைக்காடும் ஒரு தீவே.

மின்னாற்றல் வேண்டாவா என்று கேட்பாரும் உளர். விளக்கை அணைக்குமாறு எவரும் கூறவில்லை. அனல்மின் சாம்பலைச் செங்கல்லுக்கும் சிமிட்டிக்கும் பயன்படுத்துமாறு நடுவணரசே 1999இல் ஆணையிட்டது. கசியாக் குழாயும், தூர்ந்த கழியைத் தோண்டும் பணியும் மாந்தரால் இயலாதன அல்ல. அப்பணி பறவைக்கு மட்டும் உரியதுமன்று. கோழி இரைதேடும் அதே சேற்றை நம்பித்தான் இறாலும் நண்டும் பிடிக்கும் மீனவர் அடுப்பும் எரிகிறது.

தமிழ்ச்சொல் காக்கப் புறப்பட்டோர் எண்ணூர்க் கழிக்கரைக்கும் ஒருமுறை செல்லுதல் வேண்டும். எஞ்சிய பறவைகளின் பெயர்களை அங்குள்ள முதியோரிடம் கேட்டு எழுதுதல் வேண்டும். எழுதியதோடு நில்லாது, அக்கழி தூர்க்கப்படும்போது மீனவரோடு தோள்சேர்ந்து நிற்றல் வேண்டும். பறவை போன பின் பெயரைக் காப்பது, பிணத்திற்குப் பூச்சூட்டுவதாகும். கம்புள் நூலில் வாழ்ந்தது போதும், கழியிலும் வாழட்டும்!